கயிறு கட்டியாச்சு, அக்கா

தார்ப்பாய் அக்காவை நான் முதலில் பார்த்தது எங்கள் அலுவலகத்தின் மாடிப்படியில். துறைமுக அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் ஊரில் கடல் கிடையாது, கிணறும் வாய்க்காலும்தான். எங்கள் பரம்பரையிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. சான்றிதழுக்கு அப்பா போட்ட கண்ணாடிச் சட்டம் எங்கள் வீட்டுச் சன்னலைவிடப் பெரியது. அந்தச் சான்றிதழ்தான் என்னைக் கடலோரத்துக்குக் கூட்டிவந்து ஒரு வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தது. சின்னப் படகுகளில் யாராவது ஆபத்தில் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தால், விவரம் கேட்டு அதிகாரியிடம் சொல்லி, மீட்புப் படகைக் கிளப்ப வேண்டும். அதுதான் என் வேலை.

அன்று படியேறி வந்தவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். மேலாடையின் கைகளில் நீல நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அழவில்லை, பதறவில்லை. கடையில் சாமான் கேட்பது போல என் மேசை முன்னால் நின்று சொன்னார்.

"தம்பி, என் வீட்டுக்காரர் போன்ல பேச வேண்டிய நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகுது. நான் கூப்பிட்டாலும் எடுக்கல. படகை அனுப்புங்க."

நான் கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. வெள்ளை நிறப் படகு, கூரை கிடையாது, பின்னால் ஒற்றை எஞ்சின். ஒரே ஆள். கரையை ஒட்டி வடக்கே போகிறார். வழியில் ஒதுங்குவதற்கு இரண்டு கழிமுகங்கள் உண்டு, காற்று ஏறினால் அவற்றில் ஒன்றில்தான் நுழைவார். மூன்று பங்கு எண்ணெயில் ஒரு பங்குதான் போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதி ஒரு பங்கைத் தொட மாட்டார். லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பார். எஞ்சினை அணைக்கிற கயிறு மணிக்கட்டில் கட்டியிருக்கும், ஆள் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வேற என்ன வேணும்?" என்றார்.

மீட்புப் படகு போனது. அவருடைய கணவரைக் கண்டுபிடிக்கவும் செய்தது. வடக்கே ஒரு சின்ன மீன்பிடி ஊரில், மளிகைக் கடையின் பின்கட்டில், குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடி அவர் மண்டியிட்டிருந்தார்.

விஷயம் இதுதான். அக்காவின் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கள் துறைமுகத்துக்கு வடக்கே கடற்கரை கைவிரல்கள் போலப் பிரிந்து பிரிந்து கிடக்கிறது. விரலுக்கு ஓர் ஊர். பேருந்தில் போனால் ஒவ்வொரு கழிமுகத்தையும் சுற்றிச் சுற்றி ஒரு பகல் போய்விடும், கடல் வழியாக ஒரு காலைப்பொழுது போதும். அந்த ஊர்களில் மீன் வைக்கிற பெட்டியும், மருந்து வைக்கிற பெட்டியும், கடைக்காரர்களின் பால் பெட்டியும் கெட்டுப்போனால் வந்து பார்க்க ஆள் கிடையாது. மெக்கானிக் அதைக் கவனித்து, நகரத்துக் கடையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பழைய படகு ஒன்றை வாங்கினார். கருவிப் பெட்டியும் வாயு சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே நாள் கணக்கில் போய்வர ஆரம்பித்தார்.

படகு வாங்குவதற்கு அக்கா தடை சொல்லவில்லை. அவர் உள்நாட்டில் பிறந்தவர், நீச்சல் தெரியாது. அந்தப் படகில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. கரைக்குத் திரும்பியதும் சொன்னாராம், "இது உங்க பாடு. ஆனா போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன்ல பேசணும். நீங்க சொன்ன நேரத்துக்கு மேல ஒரு மணி நேரம் பார்ப்பேன். அப்புறம் நான் யாரையும் கேட்க மாட்டேன், ஆபீசுக்குப் போயிடுவேன்." அவர் போட்ட ஒரே நிபந்தனை அது. கிளம்புமுன் மெக்கானிக் போகிற வழியையும் சேருகிற நேரத்தையும் சொல்ல வேண்டும். சேர்ந்ததும் பேச வேண்டும். பேசிவிட்டால் மறுபடி அங்கிருந்து கிளம்பும்போது பேசினால் போதும்.

அன்று மெக்கானிக் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். படகைக் கட்டி நிமிர்வதற்குள் மளிகைக்காரர் ஓடிவந்து, உள்ளே மீன் எல்லாம் தண்ணீராக ஓடுகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். தொலைபேசி படகிலேயே கிடந்தது, பேச மறந்தாயிற்று. மீட்புப் படகுக்காரர்கள் நான்கு பேர் சிவப்புச் சட்டையும் தலைக்கவசமுமாகக் கடைக்குள் நுழைந்தபோது, மளிகைக்காரர் வரி வாங்க வந்துவிட்டார்கள் என்று பயந்து கல்லாவைப் பூட்டினாராம்.

இந்தக் கதை துறைமுகம் முழுவதும் ஓடியது. மெக்கானிக்குக்குக் 'காணாமப்போனவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணெய் பிடிக்கப் போனால், "என்ன காணாமப்போனவரே, இன்னைக்கு எந்தப் பெட்டிக்குள்ள?" வலை பிரிக்கிறவர்கள், "அண்ணே, வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா? கக்கூஸுக்குப் போறதுன்னாலும் சொல்லிட்டுப் போங்க, படகு வந்துடும்." மீட்புப் படகின் ஓட்டுநரே, கனத்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்ட மனிதர், அவரைக் கண்டால் கையை நெற்றியில் வைத்துக் கடலைத் தேடுவது போல நடிப்பார். மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போய்த்தான் சிரிப்பு நின்றது.

அக்கா வேலை பார்த்தது அலைதடுப்புச் சுவரை ஒட்டிய ஒரு நீளமான கொட்டகையில். படகுக்கு மூடுதுணி, கடைக்குப் பந்தல், லாரிக்குத் தார்ப்பாய் எல்லாம் அங்கே தைத்தார்கள். தரை முழுக்கத் துணி விரித்துக் கிடக்கும். நடப்பதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும். அவருடைய தையல் மெஷின் பெரிய மோட்டார் வைத்தது. அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் தொலைபேசியை மெஷின் பலகை மேலேயே வைத்திருப்பார். மணியோசையைக் காதால் கேட்பதில்லை, முழங்கையில் அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். உடனே மெஷினை நிறுத்துவார். நிறுத்திய பிறகுதான் எடுப்பார்.

நான் பிறகு அந்தக் கொட்டகைக்குப் போய்ப் பழகினேன். ஒற்றை அறையில் சமைத்துச் சாப்பிடுகிற ஆளுக்கு மாலையில் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. தங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை அக்கா அங்கேதான் எனக்குச் சொன்னார். இனிமேல் ஆபீசுக்குப் போகாதே, என் மானம் போகிறது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதற்கு அக்கா, "நீங்க பேசினா நான் ஏன் போறேன்? பேசலன்னா போவேன். மானம் போனா வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாராம். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், இரண்டு மணி நேரம் பொறு, ஒன்றரை மணி நேரமாவது பொறு என்று பேரம் பேசியும், அக்கா அசையவில்லை.

அசையாத ஆளிடம் என்ன செய்வது? மெக்கானிக் ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூடப் பேச மறக்கவில்லை. ஆனால் கரைக்குப் போய்ப் பேசவில்லை. சேருமிடம் கண்ணுக்குத் தெரிந்ததும், படகில் இருந்தபடியே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "வந்துட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். கரையில் யார் கையைப் பிடித்து இழுத்தாலும் பிரச்சினை இல்லை பாருங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உண்மையாகப் போகிற பொய்தானே என்று அவர் நினைத்திருக்கிறார்.

மற்ற எதிலும் அவர் கவனக்குறைவான ஆள் இல்லை. காற்றுச் செய்தி கேட்காமல் கிளம்ப மாட்டார். இரண்டு நங்கூரம், உதிரி பிளக், உலர்ந்த துணி, குடிக்க நீர், தொலைபேசிக்கு நீர் புகாத பை எல்லாம் படகில் இருக்கும். அக்கா மிச்சமான ஆரஞ்சுத் தார்ப்பாயில் கறுப்புப் பட்டை வைத்துத் தைத்துக்கொடுத்த ஒரு விரிப்பும் இருக்கும், தூரத்திலிருந்து தெரிவதற்காக. அக்காவைத் தவிர வேறு யாருக்கும் அவர் வருகிறேன் போகிறேன் என்று சொல்வதில்லை. வேலைக்குக் கூப்பிட்ட ஊர்க்காரர்களுக்குக்கூட அவர் எப்போது வருவார் என்பது வந்த பிறகுதான் தெரியும். ஆக, எல்லாம் அந்த ஒரு அழைப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அழைப்பு ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன்பு வந்தது. வடக்கே தொலைவான ஊர், மருந்தகத்துக் குளிர்பெட்டி வேலை. அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பும்போதுதான் அடுத்து பேசுவதாக ஏற்பாடு. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார் மெக்கானிக். சரி, சாப்பிடுங்க என்று வைத்துவிட்டு அக்கா மறுபடி மெஷினை ஓட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அடிநூல் தீர்ந்தது. மெஷினை நிறுத்தி, குனிந்து, நூல் மாற்றினார். கொட்டகை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் மெஷின் சத்தத்துக்காகத்தான் அவர் கத்துகிறார் என்று நினைத்திருந்தார். ஆனால் எடுக்கும்போது தன் மெஷின் நின்றிருந்தது. அப்புறம் எதற்கு அவர் கத்தினார்?

திரும்ப அழைத்தார். மணி அடிக்கவில்லை, தொடர்பு கிடைக்கவில்லை என்ற குரல்தான். அந்த ஊர்த் துறையில் எண்ணெய் விற்பவரின் எண் அக்காவிடம் இருந்தது. நான் பார்க்கவில்லையே, ஒருவேளை அந்தப்பக்கம் கட்டியிருப்பார் என்றார் அவர். மருந்தகத்தில், இன்னும் வரவில்லை, வருவார் என்றார்கள். அக்கா செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் கையில் கத்தரிக்கோலோடு எங்கள் படியேறி வந்தார்.

அதிகாரி அன்று என் அறையிலேயே இருந்தார். நல்ல மனிதர், ஆனால் போன தடவை மேலிடத்துக்கு விளக்கம் எழுதியது அவர்தான். அக்கா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, போன தடவை அவர் பேசலன்னு தேடினோம். இந்தத் தடவை பேசிட்டார்னு தேடணுமா?"

"ஆமா சார்."

"வந்துட்டேன்னு அவர் வாயாலயே சொல்லியிருக்கார்."

"கத்திச் சொன்னார் சார். என் மெஷின் நின்னிருந்துச்சு. கரைக்கு வந்தவர் எதுக்குக் கத்தணும்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு எங்கள் வயல் ஞாபகம் வந்தது. அப்பா தண்ணீர் மோட்டார் கொட்டகையில் நின்று பேசினால், இங்கே நான் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டுப் பேசினால் ரகசியம் சொல்வது மாதிரி இருக்கும். மோட்டார் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காததால் மனிதன் தானாகவே கத்துவான். அதை நான் சொன்னேன். கூடவே, தொடர்பு அறுந்திருக்கிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் பார்க்கவில்லை, காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது, எஞ்சின் நின்றிருந்தால் படகு வெளியேதான் போகும் என்றும் சொன்னேன்.

"உங்க அப்பா எங்கிருந்து பேசுவார்?" என்றார் அதிகாரி.

"வயல்ல இருந்து சார்."

"வயலுக்கு மீட்புப் படகு போகாது தம்பி" என்றார். ஆனால் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். அவருக்கு மனம் ஒரு பக்கம், எழுத வேண்டிய விளக்கம் ஒரு பக்கம்.

கதவருகே நாற்காலியில் மீட்புப் படகின் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். போன தடவை மெக்கானிக்கை அதிகம் கிண்டல் செய்தவர். எழுந்து, சாவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, தன் மெல்லிய குரலில் சொன்னார். "நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார். அவர் ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தா எல்லாரும் சிரிக்கட்டும். நானும் சேர்ந்துக்கறேன்."

அதிகாரி தலையசைத்தார். அவர் அனுப்பியது சரி என்று நான் அன்றே நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அக்கா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, மேலாடையில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். வயர்லெஸ்ஸில் ஓட்டுநர் அவ்வப்போது இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரின் துறையில் படகு இல்லை என்று சொன்னபோது அக்கா நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். காற்று அடிக்கிற திசையில் வெளியே போய்ப் பார்க்கச் சொல்லி அதிகாரியே ஒலிவாங்கியை வாங்கிச் சொன்னார்.

வெயில் சாயத் தொடங்கியபோது குரல் வந்தது. "ஆரஞ்சுத் துணி ஒண்ணு தெரியுது. வெள்ளைப் படகு. ஆள் உட்கார்ந்திருக்கார், கையை ஆட்டுறார்." ஒரு நொடி விட்டு, "இந்தத் தடவை பெட்டிக்குள்ள இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என் மேசைக்கு வந்து கத்தரிக்கோலை அதன்மேல் வைத்தார். "லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காரான்னு கேளுங்க தம்பி."

கேட்டேன். போட்டிருந்தார்.

"சரி" என்றார் அக்கா. பிறகுதான் தேநீர் கேட்டார்.

நடந்ததை மெக்கானிக் எங்கள் துறையில் இறங்கியதும் சொன்னார். ஊரின் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டதும் தொலைபேசியைப் பையிலிருந்து எடுத்துப் பேசியிருக்கிறார். பேசிவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். அப்போது மிதந்து வந்த பழைய வலைக்கயிறு ஒன்று எஞ்சினின் விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. அறுக்கக் குனிந்தபோது தொலைபேசி கடலுக்குள் போனது. கயிறு உருகி விசிறிக்குப் பின்னால் கட்டியாக இறுகியிருந்தது. விசிறியைக் கழற்றினால்தான் எடுக்க முடியும். அந்த அலையில் பின்பக்கம் தொங்கிக் கழற்றினால் தானும் தொலைபேசி போன வழியே போக நேரும் என்று விட்டுவிட்டார். அங்கே ஆழம் அதிகம், இரண்டு கயிற்றைச் சேர்த்துக் கட்டியும் நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டது. துடுப்பு காற்றை வெல்லவில்லை. படகு பக்கவாட்டில் திரும்பி அலை வாங்காமல் இருக்க, முன்பக்கத்திலிருந்து வாளியைக் கயிற்றில் கட்டி நீரில் விட்டார். விரிப்பை விரித்தார். படகின் நடுவில் தாழ உட்கார்ந்தார். ஊர் சின்னதாகிக்கொண்டே போனது.

செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாயிற்று. ஆனால் தன்னைத் தேட யாரும் கிளம்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். இன்று வராவிட்டால் நாளை வருவார் என்று மருந்தகத்துக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போவார். வீட்டில் மறுநாள் காலை வரை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

"அலைக்குக்கூட நான் பயப்படல" என்றார் என்னிடம், போர்வைக்குள்ளிருந்து. "அவ அங்க நிம்மதியா தைச்சுக்கிட்டிருப்பான்னு நினைச்சேன். அதுதான் பயமா இருந்துச்சு."

அக்கா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அருகில் வந்ததும், அவர் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படி?"

மெக்கானிக் போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எல்லாமே."

அக்கா திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். இவர் போர்வையோடு பின்னால் போனார். பல நாள் அந்த வீட்டில் சமையல் மெக்கானிக்குடையது என்று கேள்வி. எனக்கும் ஒரு தட்டு வந்தது. உப்பைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை.

அடுத்த பயணத்துக்கு முன் அக்கா புது ஏற்பாடு ஒன்று சொன்னார். இனி 'வந்துட்டேன்' என்ற சொல்லே செல்லாது. படகைக் கட்டிய பிறகு, தொலைபேசியைக் கரையில் நிற்கிற யாரிடமாவது கொடுக்க வேண்டும். பேச வேண்டியது அந்த ஆள். மெக்கானிக் முதலில் கூனிக்குறுகித்தான் போனார். முன்பின் தெரியாதவரிடம், "என் வீட்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கட்டிட்டேன்னு" என்று கேட்பது எப்படி இருக்கும்? ஆனால் நடந்தது வேறு. வடக்கேயுள்ள துறைகளில் எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று. மெக்கானிக்கின் படகு வருவதைப் பார்த்ததும் வலைக்காரர்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். மளிகைக்காரர் பேசினால் தன் மகள் வீட்டுக் கதை வரைக்கும் போவார். ஒரு கிழவர், "கயிறு கட்டியாச்சு அக்கா, நல்லா ரெண்டு முடிச்சு, நானே இழுத்துப் பார்த்தேன்" என்பார். அவருக்கு அக்காவைவிட முப்பது வயதாவது கூட இருக்கும்.

பிறகு வேறு சில படகுக்காரர்களின் வீட்டாரும் கொட்டகைக்கு வந்து, எங்க ஆளும் உங்ககிட்டப் பேசட்டுமா என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் மீட்புப் படகு ஓட்டுநரின் மனைவி. விடுமுறை நாளில் ஓட்டுநர் தன் சொந்தப் படகில் மச்சானைப் பார்க்கத் தெற்கே போவார். அவருக்காக அக்கா எங்கள் படி ஏற வேண்டி வந்தால் மீட்புப் படகை யார் ஓட்டுவது என்று துறைமுகத்தில் இப்போது கேட்டுச் சிரிக்கிறார்கள்.

மெக்கானிக் ஒரு கையடக்க வயர்லெஸ் வாங்கிவிட்டார். படகில் இன்னொரு சின்ன எஞ்சினும் இருக்கிறது. நங்கூரக் கயிற்றின் நீளத்தை இரட்டிப்பாக்கிவிட்டார். பெயர் மட்டும் மாறவில்லை, இன்னும் காணாமப்போனவர்தான்.

நான் அதே மேசையில் இருக்கிறேன், ஒரு படி உயர்ந்து. தார்ப்பாய் அக்கா அதே கொட்டகையில், அதே மெஷினில் தைக்கிறார். மெக்கானிக் வாரம் ஒருமுறை வடக்கே போகிறார். முழங்கையில் தொலைபேசி அதிர்ந்தால் அக்கா மெஷினை நிறுத்துகிறார், யாரோ ஒரு ஊர்க்காரர் கயிறு கட்டியாயிற்று என்று சொல்வதைக் கேட்கிறார், மறுபடி ஓட்டுகிறார். அந்த நாளுக்குப் பிறகு அவர் எங்கள் படியேறி வரவேண்டிய தேவை ஏற்படவில்லை.